உள்ளே இருப்பவனுக்கு அக்கா

அக்கா வருகிறாள் என்பது ஏட்டையாவின் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். புகையிலை மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் இலைக்காம்பு கிழிக்கிற வேலை அவளுக்கு. சேலை, தலைமுடி, நக இடுக்கு எல்லாவற்றிலும் புகையிலைத் தூசி. டேசன் படியில் கால் வைத்ததுமே உள்ளே தும்மல் கிளம்பும். தும்மி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏட்டையா நிமிர்ந்தால் எதிரே தூக்குச்சட்டியோடு நிற்பாள்.

“யாருக்குச் சோறு?”

“உள்ள இருக்கவனுக்கு.”

“வச்சுட்டுப் போ. குடுத்துர்றோம்.”

“ஆளக் காட்டுங்க. அவன் திங்கிறதப் பாத்துட்டுப் போறேன்.”

“நீ யாரு அவனுக்கு?”

“அக்கா.”

உள்ளே இருப்பவன் யார் என்று பெரும்பாலும் அவளுக்கே தெரியாது. சைக்கிள் திருடனாக இருப்பான், சாராயக் கேஸாக இருப்பான், சந்தையில் யாரோ ஒரு சம்சாரியின் மடியை அவிழ்த்தவனாக இருப்பான். ஒருவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போகிறது என்று காதில் விழுந்தால் போதும், அன்று மாலை அக்கா சோற்றோடு போய் நிற்பாள். எந்த டேசன் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அந்த ஒரு டேசனில் மட்டும்தான் அப்படி நடந்தது என்று மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் திண்டுக்கல்லுக்கு வந்தேன். பெண்கள் பள்ளி ஒன்றில் சரித்திரமும் குடிமையியலும் சொல்லித்தருகிற வேலை. நாகல் நகரில் ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். எனக்கு அடுத்த வீடு அக்காவுடையது. புருஷன் சிறு வயதிலேயே போய்விட்டார், பிள்ளை இல்லை. அவளை ‘வந்தார், போனார்’ என்று எழுதினால்தான் மரியாதை என்று எனக்குத் தெரியும். அப்படி எழுத எனக்கு வரவில்லை.

இரக்கமே உருவானவள் என்று நினைத்துவிட வேண்டாம். குழாயடியில் அவளோடு வாய் கொடுத்து மீண்டவர்கள் காம்பவுண்டில் யாரும் இல்லை. குடத்தை வரிசை மாற்றி வைத்தாயா, தொலைந்தாய். என்னோடுகூட, நான் முதல் நாள் குழாயைச் சரியாக மூடாததற்கு, “படிச்ச கையிக்குக் கொழாய மூடத் தெரியாதா?” என்றுதான் பேச்சைத் தொடங்கினாள். சமையலும் வராது. குழம்பில் மிளகாய் மட்டும்தான் இருக்கும். அடி வாங்கிக் குற்றத்தை ஒத்துக்கொள்வதுகூடப் பரவாயில்லை, அக்காவின் குழம்பைத் தின்ன முடியவில்லை என்று ஒரு சைக்கிள் திருடன் சொன்னதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு.

அந்தச் சைக்கிள் திருடனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒல்லியான ஆள். அடிக்கடி உள்ளே போவான், அடிக்கடி வெளியே வருவான். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் தலையைக் குனிந்துகொண்டு தின்பான், இந்தப் பக்கம் அக்கா குத்தவைத்து உட்கார்ந்து வைதுகொண்டிருப்பாள். “ஏலே, கை காலு நல்லாத்தான இருக்கு? இன்னொரு தடவ ஒனக்குச் சோறு தூக்க வச்ச, கையில சூடு வப்பேன்.” வெளியே வந்த பிறகு கடைவீதியில் அவளைத் தூரத்தில் கண்டால் சந்துக்குள் புகுந்துவிடுவான். போலீஸுக்குப் பயப்படாதவன் அவளுக்குப் பயந்தான்.

ஒரு தடவை அவனைக் காட்டமாட்டோம் என்றார்கள். இன்ஸ்பெக்டர் புதிது. “வெளிய தள்ளுய்யா இந்தப் பொம்பளைய” என்றார். தள்ளினார்கள். அக்கா எழுந்து வந்து வாசலில் உட்கார்ந்தாள். போகிறவர், வருகிறவர் எல்லோரிடமும் ஒரே குரலில் சொன்னாள்: “காலையில நடந்து போனான், இப்பக் காட்ட மாட்டேங்குறாக.” பள்ளி விட்டு வந்த நான் பார்த்தபோது அவளைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. கடைசியில் அவனை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பாதம் வீங்கி இரண்டு பாதமாக இருந்தது. அக்கா இன்ஸ்பெக்டரைப் பார்த்து, “வரும்போது நடந்துதான வந்தான்? ஊரே பாத்துச்சு” என்றாள். அவ்வளவுதான். சட்டியைத் திறந்து அவனுக்கு வைத்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன், இதனால் என்ன ஆகிவிடும் என்று.

“பாத்தவ ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா, அடுத்த அடி செத்த மெதுவா விழும். அம்புட்டுத்தான் டீச்சர் நம்மால ஆனது.”

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று வெகு நாள் எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்திருந்தது, என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் மாதா கோயிலில் பூசை கண்டு திரும்பி வந்தபோது, வாசலில் சட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்கிக்கொண்டே அவளாகச் சொன்னாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். தாய் தகப்பன் இல்லாமல் இவளே வளர்த்தவன். நத்தம் பக்கம் கிணறு வெட்டினால் பாதியில் பாறை வந்துவிடும். அந்தப் பாறையில் குழி போட்டு, வெடி வைத்துத் தகர்ப்பது அவன் தொழில். வெடிமருந்து என்று முழுதாகச் சொல்ல அந்தத் தொழில்காரர்களுக்குப் பொறுமை கிடையாது. அவர்களுக்கு அது ‘மருந்து’தான். நமக்கெல்லாம் இருமலுக்குக் குடிப்பதும் மருந்துதான். வம்பு அங்கேதான் வந்தது.

அக்காவுக்குப் புகையிலைத் தூசியால் இருமல். கொடைரோட்டில் ஒரு வைத்தியர் நல்ல லேகியம் கொடுக்கிறார் என்று தம்பி வாங்கப் போனான். வாங்கிக்கொண்டு திரும்பி, திண்டுக்கல் ரயிலடியில் டீ குடிக்கும்போது, தெரிந்த ஒருவனிடம் சொன்னான்: “மருந்து கைக்கு வந்துருச்சு. இன்னைக்கே வேலையக் காட்டிரும்.” தண்டவாளத்தைப் பெயர்க்கிறார்கள், தந்திக் கம்பியை அறுக்கிறார்கள் என்று போலீஸ் கண்ட பக்கமெல்லாம் பாய்ந்துகொண்டிருந்த காலம் அது, நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பு. பக்கத்தில் டீ குடித்தவர் மப்டியில் இருந்த போலீஸ்காரர். வெடிக்காரன், ரயிலடி, மருந்து. அவருக்கு வேறு என்ன வேண்டும்?

பையில் இருந்தது ஒரு தகர டப்பா. மூடியைத் திறந்து முகர்ந்திருந்தால் திப்பிலி வாசனை வந்திருக்கும், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். திறந்தால் வெடித்துவிடும் என்று பயந்து, அந்த லேகிய டப்பாவை வாளித் தண்ணீருக்குள் போட்டு வைத்தார்களாம். சிரிப்பு வருகிறதா? எனக்கும் அவள் சொல்லும்போது சிரிப்பு வந்தது. அதற்கு மேல் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பியை டேசனுக்குள் கூட்டிப் போனதைக் குதிரைவண்டிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அக்கா சோறு கட்டிக்கொண்டு ஓடினாள். அப்போது இருந்த ஏட்டு வேறு ஆள். சட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், காலிச் சட்டியோடு வந்தார். “சாப்ட்டான், போ” என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. பிறகு ஒரு நாள், “அப்படி ஆளே இங்க இல்ல. கூட்டியாரும்போதே தப்பிச்சு ஓடிட்டான்” என்றார்கள்.

“அப்ப இத்தன நாளு எஞ்சோத்தத் தின்னது யாரு?” என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

சாம்பல் கையோடு என்னிடம் சொன்னாள்: “அவன் சின்னப் புள்ளையில இருந்தே ஒரு வாய் மிச்சம் வப்பான் டீச்சர். ஒனக்கு அக்கா, ஒனக்கு அக்கான்னு சட்டியில ஒதுக்கி வப்பான். பட்டினி கெடந்த நாள்லயும் வச்சான். மொத நாளு டேசன்ல இருந்து சட்டி வழிச்சு நக்குன மாதிரி வந்துச்சு. எனக்கு அப்பவே திக்குன்னுச்சு. பசியா இருந்திருப்பான், அதான் மறந்துட்டான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். மறுநாளு கூடுதலாப் போட்டு எடுத்துட்டுப் போனேன்.”

கூடுதலாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனாளாம். அதையும் தின்றிருக்கிறார்கள். முதல் நாளே அவனை அடித்துக் கொன்றதைக்கூட ஆத்திரத்தில் செய்தார்கள், பயத்தில் செய்தார்கள், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். செத்துப்போனவனின் அக்கா கொண்டுவந்த சோற்றை, தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் முதற்கொண்டு வழித்துத் தின்றுவிட்டுச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு என்ன சமாதானம் சொல்வது? நான் ஜெபம் சொல்கிற குடும்பத்தில் பிறந்தவள். அந்த ஆளுக்காக மட்டும் இன்றுவரை என்னால் ஜெபம் சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்துதான் அவள் சட்டியைக் கையைவிட்டுக் கொடுப்பதில்லை. ஆளைக் காட்டு, அவன் தின்பதை நான் பார்க்கிறேன். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அவன் ‘தப்பியோடியவன்’ என்பதால் கேஸ் மூடப்படவில்லை. எந்த ஊரில் எது வெடித்தாலும், எங்கே தந்திக் கம்பி அறுந்தாலும், அக்காவின் வீட்டுக்குத்தான் போலீஸ் வரும். அரிசிப் பானையைக் கவிழ்ப்பார்கள், கூரை ஓடுகளை நகர்த்திப் பார்ப்பார்கள்.

“ஒன் தம்பி எங்க?”

“நானும் அதத்தான கேக்குறேன். ஆளக் காட்டுங்க.”

ஒரு தடவை வந்த எஸ்.ஐ. படித்தவர். போகும்போது என்னைப் பார்த்து, “பயங்கரவாதி வீட்டுப் பக்கத்துல குடியிருக்கீங்க டீச்சர், ஜாக்கிரதையா இருங்க” என்றார். அவர் போன பிறகு, கொட்டிய அரிசியைக் கூட்டி அள்ளிக்கொண்டே அக்கா கேட்டாள்.

“பயங்கரவாதின்னா என்னா டீச்சர்?”

“சனங்களுக்குப் பயத்த உண்டாக்குறவன்.”

“எங்களுக்குப் பயங்காட்டுனது எவன்? எந்தம்பியா?”

அரிசியில் மண் கலந்திருந்தது. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன்.

எங்கள் பள்ளிக்கு ஒரு வருஷம் பெரிய அச்சுத் தாள் ஒன்று வந்தது. உலக நாடுகளெல்லாம் கூடி மனிதருக்கு உள்ள உரிமைகள் என்று ஒப்புக்கொண்டவற்றைத் தமிழில் எழுதிய தாள். ஓரத்தில் பூ வரைந்து, நடுவில் உருண்டையாகப் பூமிப் படம். மனித உரிமை நாள் என்று ஒரு விழா வைத்து, மதுரையிலிருந்து ஒரு பெரிய மனிதரை அழைத்துப் பேசவைத்து, அதைப் பள்ளி மண்டபத்தில் மாட்டினோம். பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். எனக்கு ஒரே உற்சாகம். மாலையில் அக்காவைக் கூட்டிப்போய்க் காட்டி, ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். காரணமில்லாமல் யாரையும் பிடித்து அடைக்கக் கூடாது, யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது, குற்றம் நிரூபணமாகும்வரை எவனும் குற்றவாளி இல்லை.

அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கோயிலில் கேட்பதுபோல் கேட்டாள்.

“இதெல்லாம் யாருக்கு?”

“மனுசங்க எல்லாருக்கும்.”

“லாக்கப்புல இருக்கவனுக்குமா?”

“அவனுக்குந்தான் அக்கா.”

“அப்ப இதக் கொண்டுபோயி டேசன்ல மாட்டாம, பொட்டப்புள்ளைக படிக்கிற எடத்துல மாட்டி வச்சிருக்கீக? இந்தப் புள்ளைகளா அவன அடிக்கப்போகுது?”

மறுநாள் தலைமையாசிரியையிடம் கேட்டேன். அந்தத் தாளை ஒரு நாள் கொடுங்கள், டேசனில் மாட்டச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நன்றாகத் தூங்குகிறாயா என்று விசாரித்தார். தாள் மண்டபத்திலேயே இருந்தது. நான் ஓய்வுபெற்ற நாளிலும் அங்கேயேதான் இருந்தது, பூமிப் படம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. இத்தனை நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட உரிமையால், எங்கள் பள்ளிக்கும் டேசனுக்கும் இடையில் இருந்த இரண்டு தெருவைக் கடக்க முடியவில்லை. அதைக் கடந்தது அக்காவின் தூக்குச்சட்டி ஒன்றுதான்.

அறுபதுகளின் நடுவில் நிஜமாகவே ஒரு வெடி வெடித்தது.

கொடைரோட்டுக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவில், காலை பாசஞ்சருக்காகத் தண்டவாளத்தில் வைத்தது. வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டு நடந்து வந்த கேங்மேன் குனிந்து அதை எடுத்துவிட்டார். வண்டி தப்பித்தது. வைத்தவன் ஒரு படித்த பையன். என்ன கொள்கைக்காக வைத்தான் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நான் அதை இங்கே எழுதமாட்டேன். கூலிக்கு நடந்து போகிற ஒரு மனிதனைத் துண்டு துண்டாக்கிய கொள்கைக்கு நான் எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்?

அந்தக் கேங்மேனின் மனைவி பாண்டியம்மாள். கிட்டங்கியில் வருஷக்கணக்காக அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிழித்தவள். அக்காவின் மிளகாய்க் குழம்பைக் கண்ணில் நீர் வழிய வழிய ருசித்துத் தின்கிற ஒரே ஆள்.

பையனைப் பிடித்துவிட்டார்கள், எங்கள் டேசனுக்குத்தான் காலையில் நடத்திக் கூட்டிப்போனார்கள் என்று சேதி வந்தபோது, கிட்டங்கிப் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்களாம். இவனுக்குச் சோறு கொண்டுபோனால் எங்களோடு உட்காராதே என்றார்களாம். அக்கா வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். நான் அவள் அடுப்படிக்கே போய் நின்றேன்.

“இவனுக்குமா அக்கா? பாண்டியம்மா மொகத்துல எப்படி முழிப்பீங்க?”

“இன்னைக்கு அடி வாங்கிச் சாகப்போறவன் இவந்தான டீச்சர்? சைக்கிள் திருடன நாளைக்குப் பாத்துக்கலாம்.”

டேசன் வாசலில் ஊர் திரண்டிருந்தது. அக்கா சட்டியோடு வருவதைப் பார்த்ததும் வசவு கிளம்பியது. என் காதால் கேட்டதை என் கையால் எழுத முடியாது. யாரோ மண்ணை வாரி இறைத்தார்கள். சட்டியின் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு படியேறினாள். நான் அவளுக்குப் பின்னால் போனேன். தைரியம் என்று சொல்லமாட்டேன், கோபம்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“அப்படி ஆளே இங்க இல்ல” என்றார்.

அக்காவின் முகம் அப்போது மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அதே சொற்கள்.

கூட்டம் விலகியது. பாண்டியம்மாள் வந்துகொண்டிருந்தாள். தலை விரிந்து கிடந்தது. அவள் அக்காவை அடிக்கப்போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம், அடிக்க வேண்டும் என்று பலர் ஆசைப்பட்டார்கள்.

“எம்புருசனக் கோணியில கட்டிக் குடுத்தாக அக்கா. மொகம்னு பாக்க ஒண்ணுமில்ல. நீ அவனுக்குச் சோறு கொண்டாந்திருக்க.”

“ஆமாடி.”

“ஒனக்கு வெக்கமா இல்ல?”

“இல்ல. காலையில ஊரு பாக்கக் கூட்டியாந்தவன இப்ப இல்லேங்குறாக. இன்னைக்கு இல்லேம்பாக, நாளைக்குத் தப்பிச்சுட்டான்பாக. ஒம்புருசன எதுக்குக் கொன்னான், கூட யாரு யாரு இருந்தான்னு நீ யாரப் போயிக் கேப்ப? நான் இத்தன வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன், பாத்தேல்ல? நீயும் எங்கூட ஒக்காந்து கேக்கப்போறியா?”

பாண்டியம்மாள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

“ஆளக் காட்டுங்க” என்றாள்.

“அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க…”

“எம்புருசனக் கொன்னவன எனக்குக் காட்டுங்க. இப்பக் காட்டுங்க.”

அவளுக்கு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. அக்காவை வைத கூட்டமே இப்போது “காட்டுய்யா” என்று கத்தியது. எதற்குக் கத்துகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

உள்ளே, இல்லவே இல்லாத அந்த ஆள் கம்பிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. விரல்கள் மடங்கவில்லை. அக்கா சட்டியைக் கம்பி இடுக்கில் தள்ளினாள். உள்ளங்கையால் வழித்து வழித்துத் தின்றான். பாண்டியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“எதுக்குடா வச்ச?”

“வண்டிக்குத்தான் வச்சேன். ஒங்க வீட்டுக்காரருக்கு வைக்கல.”

“வண்டியில வந்தவனுக்கெல்லாம் வீடு இல்லையா?”

அவன் தின்பதை நிறுத்தினான். அதற்கு மேல் ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து குழாயடியில் சட்டியைத் திறந்தபோது அடியில் ஒரு வாய்ச் சோறு இருந்தது. அத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் மிச்சம் வைத்திருப்பார்கள், அவள் பொருட்படுத்தியதில்லை. அன்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாக்கடையில் ஓங்கிக் கவிழ்த்தாள்.

“இவன் மிச்சத்த நான் திங்கணுமா? எனக்கு அவன் மேல எரக்கம் இல்ல டீச்சர். மூஞ்சியப் பாத்ததும் காறித் துப்பணும் போல வந்துச்சு.” முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “ஆளு இருந்தான்ல. ஆளுன்னு ஒருத்தன் உசுரோட இருந்தான். எனக்கு அது போதும்.”

அந்தப் பையன் கோர்ட்டுக்குப் போனான். அவனுக்கு வக்கீல் இருந்தார், சாட்சிகள் இருந்தார்கள், கூட இருந்தவர்கள் பெயர் வெளியே வந்தது, தண்டனையும் கிடைத்தது. பாண்டியம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதால் கேட்டாள். கொலை செய்தவனுக்கு இவ்வளவும் கிடைத்தது, கிடைக்கத்தான் வேண்டும். அக்காளின் இருமலுக்கு லேகியம் வாங்கிய ஒருவனுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அறுபதுகள் முடியும் சமயத்தில் அக்கா செத்துப்போனாள். அதே இருமல்தான்.

எங்கள் பக்கம் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் தூக்குவார்கள். இந்த வழக்கம் போலீஸுக்கும் தெரியும். காம்பவுண்டு வாசலில் ஒரு மப்டி ஆள் காலையிலிருந்தே துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெட்டிய கிராப்பும் காலில் கிடந்த பூட்ஸும் போதாதா? எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவர்களே கொன்ற தம்பி, அக்காவுக்குக் கோடி போட வருவான் என்று இவர்களே காத்திருந்தார்கள். இதைவிடக் கேவலமான ஒன்றை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

“பொறந்த வீட்டுக் கோடி யாருப்பா?” என்று பெரியவர் ஒருவர் கேட்டார்.

மப்டி ஆள் எழுந்து நின்றார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, மடித்த சேலையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு சைக்கிள் திருடன் வந்தான். தலை நரைத்திருந்தது. அப்போது அவன் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். ஊரார் நம்பி அவனிடம் சைக்கிளை விட ஆரம்பித்திருந்தார்கள். பாண்டியம்மாள் சேலையைப் பார்த்த பார்வையில், “காசு குடுத்து வாங்குனது ஆத்தா” என்று மெல்லச் சொன்னான். அக்காவின் மேல் விரித்துப் போர்த்தினான்.

“யாரு நீ?” என்றார் மப்டி ஆள்.

“தம்பி.”

சட்டென்று அவன் கையைப் பின்னால் முறுக்கினார். எங்களில் சிலருக்குச் சிரிப்புகூட வந்தது. “ஐயா, அது சைக்கிள் திருடன்யா, ஒங்க டேசன்லயே பாதி நாளு கெடந்தவன்” என்று பெரியவர் சொன்னார்.

“தம்பின்னு அவன் வாயால சொன்னான்ல? அங்க வந்து சொல்லட்டும்.”

ஊருக்குப் புதிதான ஆள். அவரிடம் இருந்தது ‘தம்பி’ என்கிற ஒரு சொல். முன்பு ஒரு ஆளிடம் ‘மருந்து’ என்று ஒரு சொல் இருந்ததே, அதுபோல. இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆண்கள் அக்காவைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்ப வேண்டும், குழாயடியில் தலை முழுகிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டும். முழுகினோம். ஆனால் பாண்டியம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. ஈரச் சேலையோடு அக்காவின் வீட்டுக்குள் போய்த் தூக்குச்சட்டியை எடுத்துவந்தாள். செத்த வீட்டில் அடுப்பு எரியாது.

“டீச்சர், ஒங்க வீட்ல சோறு இருக்கா?”

இருந்தது. ரசம் ஊற்றி, மேலே கொஞ்சம் ஊறுகாய் வைத்துக் கொடுத்தேன்.

கிட்டங்கிப் பெண்கள் அத்தனை பேரும் அவளுக்குப் பின்னால் நடந்தார்கள். ஒரு காலத்தில் அக்காவோடு உட்காரமாட்டோம் என்றவர்கள்தான். நானும் நடந்தேன். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டித் தெரு நனைந்தது. தலை முழுகியதில் புகையிலைத் தூசியெல்லாம் கரைந்துபோயிருந்தது, அதனால் உள்ளே யாருக்கும் தும்மல் வரவில்லை. நாங்கள் படியேறி மேஜைக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் ஏட்டையா நிமிர்ந்தார். சட்டியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“யாருக்குச் சோறு?”

“உள்ள இருக்கவனுக்கு” என்றாள் பாண்டியம்மாள். “ஆளக் காட்டுங்க.”

“நீங்கள்லாம் யாரும்மா அவனுக்கு?”

பாண்டியம்மாள் திரும்பி எங்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“அக்கா” என்றாள். “அம்புட்டுப் பேரும்.”